ஊரில் இருக்கப் பிரியமா?

கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கிராமம் பிடிக்கவில்லை என்று பட்டணத்துப் பிரமுகர்கள் மேடைதோறும் வருத்தப்படுகிறார்கள். வருத்தப்பட்டுவிட்டு, மோட்டாரில் ஏறிப் பட்டணத்துக்கே திரும்பியும் விடுகிறார்கள். காவேரியின் கடைமடையில், திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளோடு தினந்தோறும் பழகும் நமக்கு விஷயம் அவ்வளவு சுலபமாகத் தோன்றவில்லை.

இவர்களுக்கு ஊர் பிடிக்காமல் இல்லை. 'எங்கள் ஊர்' என்று ஒரு வியாசம் எழுதச் சொல்லிப் பாருங்கள். வாய்க்காலில் புதுத் தண்ணீர் வரும்போது நுரையும் சருகும் முன்னே ஓடி வருவதையும், மதகடியில் கெண்டை பிடித்ததையும், அறுவடையான வயலில் கிரிக்கெட் ஆடியதையும் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். 'பிற்காலத்தில் எங்கே வசிக்க விரும்புகிறாய்?' என்று கேட்டாலோ, சென்னை, திருப்பூர், சிங்கப்பூர் என்று பதில் வருகிறது. இரண்டையும் எழுதுவது ஒரே பிள்ளைதான்!

காரணம் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதி திறப்பது வழக்கம். 2024-ல் நீர் போதாமல் ஜூலைக் கடைசியில்தான் திறந்தார்கள். அந்த நாட்களில் பெரியவர்கள் பேசிக்கொண்டது, திண்ணையில் பாடம் படித்த பிள்ளையின் காதில் விழாமலா இருக்கும்? 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியுமுன் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல், ஒரே இரவில் தோப்புத் தோப்பாகத் தென்னையைச் சாய்த்தது. அன்று சின்ன வகுப்பில் இருந்தவர்கள்தாம் இன்று மேல் வகுப்புகளில் இருக்கிறார்கள். நெட்டைத் தென்னை நட்டுக் காய் பறிக்க ஆறேழு வருஷம் செல்லும். மரமும் பிள்ளையும் ஒன்றாக வளர்ந்தன. கூடவே கடனும் வளர்ந்தது.

பெண்களின் மனம் வேறு. டவுன் பஸ்ஸில் 2021 முதல் அவர்களுக்குக் கட்டணமில்லை. அரசாங்கப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குப் போகும் பெண்ணுக்கு 2022 முதல் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. பெரிய உபகாரங்கள்தாம், சந்தேகமில்லை. ஆனால் கட்டணமில்லாத பஸ்ஸும் வந்தால்தானே ஏறலாம்! பையன் இரவு பத்து மணிக்கு வீடு திரும்பினால் கேட்பாரில்லை. பெண் கடைசிப் பஸ்ஸைத் தவறவிட்டால் தெருவே கேட்கும். ஊரை விட்டுப் போகத் துடிக்கும் பெண் ஊரை வெறுப்பதில்லை. ஊரார் கண்களைத்தான் வெறுக்கிறாள்.

காவேரிப் பாசனப் பகுதியில் புதிதாக எண்ணெய்க் கிணறுகள் தோண்டலாகாதென்று 2020-ல் சட்டம் செய்தார்கள். நல்ல சட்டம். நிலத்துக்குக் காவல் கிடைத்தது. அதை நாளை உழப்போகிறவன் யார் என்பதற்கு மட்டும் அதில் ஷரத்து இல்லை.

உழவனின் பிள்ளையை உழவனே அதட்டுவதைக் கேட்டிருக்கிறீர்களா? "படிக்காவிட்டால் மாடு மேய்க்கத்தான் போவாய்!" என்கிறார். தகப்பனார் காலமெல்லாம் செய்த வேலை பிள்ளைக்குத் தண்டனையாகக் காட்டப்படுகிறது. அப்படி வளர்ந்தவனை, 'ஊர்ப் பற்று இல்லாதவன்' என்று பின்னால் குறை கூறுவானேன்?

தஞ்சாவூருக்கு அருகே ஈச்சங்கோட்டையில் விவசாயக் கல்லூரி இருக்கிறது. அங்கே படித்துவிட்டு ஊருக்கே திரும்பப் போவதாக ஒரு பையன் சொல்லிக்கொண்டிருக்கிறான். கடலோர வயல்களில் உப்பு ஏறுவதற்கு என்ன செய்யலாமென்று ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய எழுதி வைத்திருக்கிறான். சென்ற வாரம் அவனுடைய தகப்பனார் நம்மைத் தேடி வந்தார்.

"ஸார், நீங்கள் சொன்னால் கேட்பான். அவனுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லுங்கள்" என்றார்.