வண்டி அவருடையது, ஓட்டுவது யார்?

வீட்டில் ஒரு மோட்டார் வண்டி இருக்கிறது. அப்பா வாங்கியது, இன்ஷியூரன்ஸும் அவர் பெயரில்தான். பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிறைந்து, லைஸென்ஸும் கைக்கு வந்துவிட்டது. "அப்பா, சாவி!" என்று கையை நீட்டுகிறான். அப்பாவுக்கு ஆயிரம் கவலை. எதிரே லாரி வருமே, கதவில் கீறல் விழுமே, பெட்ரோல் விற்கிற விலை என்ன! ஆனால் ஒரு கவலை மட்டும் அவருக்கு இல்லை: பிள்ளை ஓட்டினால் இன்ஷியூரன்ஸ் செல்லுமா என்ற கவலை. சொந்தக்காரரின் சம்மதத்துடன், செல்லுபடியாகும் லைஸென்ஸ் உள்ளவர் யார் ஓட்டினாலும், சொந்த உபயோகத்துக்கான சாதாரண பாலிஸி அவரையும் தாங்கும். நம் தேசத்தில் இன்ஷியூரன்ஸ் வண்டியைச் சேர்ந்தது.

அதே பிள்ளை மேல்படிப்புக்காக இங்கிலாந்துக்குப் போகிறான் என்று வைத்துக் கொள்வோம். இங்கே வாங்கிய லைஸென்ஸைக் கொண்டே அங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் வரையில் ஓட்டலாம். ரஸ்தாவில் இடது பக்கம் போவதும் நம் ஊர் வழக்கம்தான். ஒரு சனிக்கிழமை, உடன் தங்கியிருக்கும் சிநேகிதன் தன் வண்டியில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஏரிப் பிரதேசத்துக்குப் புறப்படுகிறான். பாதி வழியில் அவனுக்குத் தலைவலி. "நீ கொஞ்சம் ஓட்டேன்" என்கிறான். "இன்ஷியூரன்ஸ் இருக்கிறதா?" என்று நம் பிள்ளை ஜாக்கிரதையாகவே கேட்கிறான். "முழு இன்ஷியூரன்ஸ்!" என்று பதில் வருகிறது.

பதில் உண்மைதான். ஆனால் அது சிநேகிதனுக்குத்தான் உண்மை. நம் பிள்ளைக்கு அல்ல.

பெயர் இருந்தால்தான் பாதுகாப்பு

பிறருக்கு ஏற்படும் நஷ்டத்துக்கு இன்ஷியூரன்ஸ் கட்டாயம் என்பது பிரிட்டனில் 1930-ஆம் வருஷத்துச் சட்டம். இந்தியாவில் 1939-இல் சட்டம் இயற்றி, 1946-இல் அந்தப் பகுதியை அமுலுக்குக் கொண்டுவந்தார்கள். சட்டத்தின் நோக்கம் இரண்டு இடத்திலும் ஒன்றே. பாலிஸி எழுதும் வழக்கந்தான் வேறு. அங்கே பாலிஸியில் பெயர் குறித்தவர்கள் மட்டுமே ஓட்டலாம் என்பது பொதுவான நிபந்தனை. பெயர் இல்லாதவர் ஸ்டியரிங்கைப் பிடித்த நிமிஷத்திலேயே, அது இன்ஷியூரன்ஸ் இல்லாத வண்டியாகிவிடுகிறது.

பிடிபட்டால் 300 பவுண்டு அபராதம், லைஸென்ஸில் 6 குற்றப் புள்ளி. கோர்ட்டுக்குப் போனால் அபராதத்துக்கு வரம்பே கிடையாது. ஓட்டவே கூடாதென்று தடையும் விதிக்கலாம். வண்டியைப் போலீஸார் கைப்பற்றிக்கொண்டு போகலாம். சாவியைக் கொடுத்த சிநேகிதனும் தப்ப முடியாது. இன்ஷியூரன்ஸ் இல்லாதவரை ஓட்டவிட்டதும் அதே போன்ற குற்றம்தான். அங்கேயே பரீட்சை தேறி முதல் லைஸென்ஸ் வாங்கியவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. இரண்டு வருஷத்துக்குள் 6 புள்ளி சேர்ந்தால் லைஸென்ஸ் ரத்தாகிவிடும். ஒரே ஒரு நாள் உபகாரமாக ஓட்டியதற்காக, மறுபடியும் 'எல்' பலகை மாட்டிக்கொண்டு அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

இவையெல்லாம் யாருக்கும் காயம் படாதபோது. காயம் பட்டால், இன்ஷியூரன்ஸ் இல்லாத வண்டியால் அடிபட்டவர்களுக்கு ஈடு கொடுப்பதற்கென்றே 1946-இல் ஏற்பட்ட மோட்டார் இன்ஷியூரர்ஸ் பீரோ என்ற ஸ்தாபனம் இருக்கிறது. அடிபட்டவருக்குப் பணம் கிடைத்துவிடும். பிறகு அந்தப் பணம் ஓட்டியவரைத் தேடிக்கொண்டு வரும்!

ஒரு மணி நேரத்துக்கும் பாலிஸி

அப்படியானால் சிநேகிதனின் வண்டியைத் தொடவே கூடாதா? தொடலாம். அதற்காகவே ஏற்பட்டது குறுகிய கால இன்ஷியூரன்ஸ். ஒரு மணி நேரத்துக்கு, ஒரு நாளுக்கு, ஒரு வாரத்துக்கு, சாதாரணமாக 28 நாள் வரையில், பிறருடைய வண்டியை ஓட்டுவதற்குத் தன் பெயரிலேயே பாலிஸி எடுத்துக்கொள்ளலாம். கைப்பேசியிலேயே சில நிமிஷங்களில் காரியம் முடிந்துவிடும்.

இளைஞர்களுக்கு அங்கே வருஷ பாலிஸி மிகவும் கிராக்கி. புதிதாக ஓட்டுகிறவர்கள்தான் அதிகமாக மோதுகிறார்கள் என்று கம்பெனிகள் கணக்கு வைத்திருக்கின்றன. ஆகவே விடுமுறைக்கு மட்டும் ஓட்டுகிறவர்களுக்குக் குறுகிய கால பாலிஸியே லாபம். இது சொந்தக்காரரின் பாலிஸியிலிருந்து தனியானது. ஆதலால் விபத்து நேர்ந்தாலும் பல வருஷமாக அவர் சேர்த்து வைத்த 'நஷ்டம் கேட்காத தள்ளுபடி' பொதுவாகக் கெடுவதில்லை.

ஆனால் இதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. நாள் கணக்கில் பார்த்தால் விலை அதிகம். வாராவாரம் ஓட்டுகிறவர், சொந்தக்காரரின் பாலிஸியில் தம் பெயரையும் சேர்த்துக்கொள்வது நல்லது. குறைந்தபட்ச வயது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வெளிநாட்டு லைஸென்ஸை எல்லாக் கம்பெனியும் ஏற்பதில்லை. நேரக்கணக்கோ வெகு கண்டிப்பு. மாலை ஆறு மணிக்குப் பாலிஸி முடிகிறதென்றால், ஆறு ஐந்துக்குப் போக்குவரத்து நெரிசலில் நிற்கிறவர் இன்ஷியூரன்ஸ் இல்லாதவர்தான்.

பணத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணிச் சில குடும்பங்கள் ஒரு தந்திரம் செய்வதுண்டு. தினமும் ஓட்டுகிறவன் பிள்ளை. பாலிஸியில் முக்கிய ஓட்டுநர் தகப்பனார்! அங்கே இது மோசடியாகும். விபத்து நேர்ந்த பிறகு விசாரணையில் வெளிப்பட்டால் பாலிஸியே செல்லாமல் போகக்கூடும்.

வாடகை வண்டி

சிநேகிதனுக்குத் தொந்தரவு வேண்டாம், வாடகைக்கு எடுக்கலாம் என்றால், பிறருக்கு ஏற்படும் நஷ்டத்துக்கான இன்ஷியூரன்ஸ் வாடகையிலேயே அடங்கியிருக்கும். ஆனால் பல கம்பெனிகள் 21 அல்லது 23 வயது நிரம்பாதவருக்கு வண்டி கொடுப்பதில்லை. லைஸென்ஸ் வாங்கி ஒரு வருஷமாவது ஆகியிருக்க வேண்டும் என்றும் கேட்பார்கள். 25 வயதுக்கு உட்பட்டவரிடம் நாளொன்றுக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணமும் வாங்குவார்கள்.

விளம்பரத்தில் காணும் வாடகையைப் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. வண்டிக்குச் சேதம் ஏற்பட்டால் முதலில் இவ்வளவு தொகை உங்களுடையது என்று ஒரு நிபந்தனை இருக்கும். அதற்காகக் கிரெடிட் கார்டில் ஒரு பெருந்தொகையை நிறுத்தி வைப்பார்கள். இந்தத் தொகைக்கென்று தனி இன்ஷியூரன்ஸ் உண்டு. அதை முன்கூட்டியே வெளியில் வாங்கினால், வாடகைக் கம்பெனியின் மேஜையில் வாங்குவதைவிடப் பெரும்பாலும் மலிவு. வண்டியைப் பெற்றதும் நாலு பக்கமும் படம் பிடித்துக் கொள்வது உத்தமம். முன்பே இருந்த கீறலுக்கு நாம் பணம் கட்ட வேண்டாமல்லவா? இங்கேயும் பழைய விதிதான்: ஒப்பந்தத்தில் பெயர் எழுதப்பட்டவர் தவிர வேறொருவரும் ஓட்டக் கூடாது.

இதைப் படித்துவிட்டு, 'நம் ஊரில் இந்தச் சங்கடம் இல்லை' என்று நிம்மதி அடைய வேண்டாம். நம் ஊரிலும் ஒரு பள்ளம் உண்டு. தெரிந்தவரின் வெள்ளைப் பலகை வண்டியை இரண்டு நாளைக்குப் பணம் கொடுத்து எடுத்துப் போகிறோமே, அந்த வண்டியின் பாலிஸி சொந்த உபயோகத்துக்கு மட்டுமே. வாடகைக்கு விட்டால் நிபந்தனை மீறியதாகும். நாமே ஓட்டும் முறையான வாடகை வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். அதைப் பார்த்து ஏறுவதே நலம்.

அயல் நாட்டிலிருக்கும் பிள்ளையோ பெண்ணோ டெலிபோனில் பேசும்போது, "சாப்பிட்டாயா? குளிருக்குக் கம்பளி போட்டுக்கொண்டாயா?" என்று நாம் கேட்காமல் இருப்பதில்லை. "சிநேகிதன் வண்டியில் ஊர் சுற்றப் போகிறோம்" என்று பதில் வந்தால் மூன்றாவதாக இன்னொரு கேள்வியையும் கேட்டு வையுங்கள்: "ஓட்டப் போவது நீயானால், பாலிஸியில் உன் பெயர் இருக்கிறதா?"