குவாண்டம் புள்ளி

குவாண்டம் புள்ளி என்பது சில நானோமீட்டர் அளவே உள்ள குறைக்கடத்திப் படிகம் ஆகும். ஒளியாலோ மின்சாரத்தாலோ ஆற்றல் பெறும்போது இது ஒரு குறிப்பிட்ட நிறத்தில் ஒளிர்கிறது. அந்த நிறத்தைப் படிகத்தின் வேதியியல் இயைபு மட்டுமன்றி அதன் அளவும் தீர்மானிக்கிறது.

அளவும் நிறமும்

குறைக்கடத்தி ஆற்றலை உட்கவரும்போது, இணைதிறன் பட்டையில் உள்ள ஓர் எலக்ட்ரான் கடத்துப் பட்டைக்குச் செல்கிறது. அது விட்டுச்சென்ற இடம் துளை எனப்படுகிறது. எலக்ட்ரானும் துளையும் மீண்டும் இணையும்போது ஒளி வெளிப்படலாம். பெரிய படிகத்தில் இவை தாராளமாக நகரும். குவாண்டம் புள்ளியிலோ மிகச் சிறிய இடத்தில் அடைபடுகின்றன. இடம் குறுகக் குறுக அவற்றின் ஆற்றல் கூடுகிறது. எனவே வெளிப்படும் ஒளி சிவப்பிலிருந்து நீலத்தை நோக்கி நகர்கிறது. காட்மியம் செலினைடுப் புள்ளிகள் ஏறத்தாழ 2 நானோமீட்டர் விட்டத்தில் நீலமாகவும், 6 நானோமீட்டர் விட்டத்தில் சிவப்பாகவும் ஒளிர்கின்றன.

வரலாறு

1981 இல் சோவியத் ஒன்றியத்தில் அலெக்சி எக்கிமோவ், கண்ணாடிக்குள் உருவான செப்புக் குளோரைடு நுண்படிகங்களில் இந்த அளவு விளைவைக் கண்டார். 1983 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் லூயி புரூசு, கரைசலில் மிதக்கும் காட்மியம் சல்பைடுத் துகள்களில் இதையே கண்டறிந்தார். ஆனால் துகள்களின் அளவு ஒன்றுக்கொன்று மாறுபட்டால் நிறங்கள் கலந்துவிடும். 1993 இல் மாசாச்சூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் மௌங்கி பவெண்டி குழுவினர், வேதிப்பொருள்களைச் சூடான கரைப்பானில் விரைவாகச் செலுத்தி, ஏறக்குறைய ஒரே அளவுள்ள படிகங்களை வளர்க்கும் முறையை வெளியிட்டனர். இம்மூவருக்கும் 2023 ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

மேலுறை

படிகம் சிறிதாக இருப்பதால் அதன் அணுக்களில் பெரும் பங்கு மேற்பரப்பிலேயே அமைகிறது. அங்குள்ள குறைபாடுகளில் எலக்ட்ரான் சிக்கினால் ஆற்றல் ஒளியாகாமல் வெப்பமாக வீணாகும். இதைத் தடுக்கப் படிகத்தின் மீது துத்தநாக சல்பைடு போன்ற வேறொரு குறைக்கடத்தி மெல்லிய உறையாகப் பூசப்படுகிறது.

பயன்பாடுகளும் நச்சுத்தன்மையும்

குவாண்டம் புள்ளித் தொலைக்காட்சிகள் பலவற்றில் நீல ஒளி உமிழ் டையோடுகள் பின்னொளி தருகின்றன. புள்ளிகள் அந்த ஒளியின் ஒரு பகுதியைத் தூய பச்சையாகவும் சிவப்பாகவும் மாற்றுகின்றன. செல்களை ஒளிரச் செய்து உருப்பெருக்கியில் காணவும் இவை பயன்படுகின்றன.

காட்மியம் நச்சுத் தன்மை கொண்டது. புள்ளி சிதைந்தால் காட்மியம் அயனிகள் வெளியேறி உயிரணுக்களைப் பாதிக்கலாம். மின்னணுக் கருவிகளில் காட்மியத்தின் அளவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வரம்பு விதித்துள்ளது. இதனால் இந்தியம் பாசுபைடுப் புள்ளிகள் மாற்றாகப் பயன்படுத்தப்படுகின்றன. எனினும், இவை உமிழும் ஒளியின் அலைநீளப் பரவல் பொதுவாகச் சற்று அகலமானது. காட்மியம் புள்ளிகள் தரும் நிறத்தூய்மையை இவற்றில் எட்டுவது கடினம்.