புளூ-ரே வென்றது எப்படி?

உயர்தெளிவுப் படங்களுக்காக 2006இல் புளூ-ரே, எச்.டி. டிவிடி என இரு வட்டுகள் சந்தையில் மோதின. ஓர் அடுக்கில் புளூ-ரே 25 ஜிபி கொள்ளும். மற்றது 15 ஜிபிதான். ஆனாலும் வாங்குவோரைப் பெரிதும் ஈர்த்தது விளையாட்டுக் கருவி. பிளேஸ்டேஷன் 3க்குள்ளேயே புளூ-ரே இயக்கி இருந்தது. எக்ஸ்பாக்ஸ் 360 வைத்திருந்தவர்கள் எச்.டி. டிவிடி இயக்கியைத் தனியாக வாங்க வேண்டியிருந்தது. திரைப்பட நிறுவனங்களும் புளூ-ரே பக்கம் சாய, 2008 பிப்ரவரி 19 அன்று தோஷிபா தன் எச்.டி. டிவிடியைக் கைவிட்டது.

ஆனால் இந்தியாவில் புளூ-ரே எளிதில் எட்டும் விலையில் இல்லை: 2007இல் பிளேஸ்டேஷன் 3இன் விலை 39,990 ரூபாய். அதே காலத்தில் மோசர் பேர் நிறுவனம் திரைப்பட விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்றது. அவற்றில் தமிழ்ப் படங்களும் உண்டு. மாதச் சம்பளத்தில் வாழ்ந்த, மும்பையின் செம்பூர் திலக் நகர் போன்ற குடியிருப்புகளுக்கு அன்று கட்டுப்படியான விலை அதுதான்.