கால் இஞ்ச் கணக்கு

“நல்ல துணியை எதுக்கு இப்படித் துண்டு துண்டா வெட்டணும், அப்புறம் அதையே எதுக்கு உட்கார்ந்து திரும்பத் தைக்கணும்?”

கீழ்வீட்டு அக்கா கேட்டார். கூடத்தில் விரித்திருந்த க்வில்ட்டை மிதிக்காமல் சுவரோரமாகவே நடந்து வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, டீயைக் கையில் வாங்கிய பிறகு கேட்டார். கேள்வி நியாயமானது. பதில்தான் ஒரு டம்ளர் டீக்குள் அடங்கவில்லை.

க்வில்ட் என்பது மூன்று அடுக்கு. மேலே துண்டுகளை இணைத்த முகத்துணி, நடுவில் மெல்லிய பஞ்சு விரிப்பு, அடியில் ஒரு துணி. மூன்றையும் சேர்த்துத் துளைத்துக்கொண்டு ஓடுகிற தையல்தான் அதைக் க்வில்ட் ஆக்குகிறது. சென்னை வெக்கையில் இதை யார் போர்த்துவார்கள் என்பது அக்காவின் அடுத்த கேள்வி. பஞ்சுக்குப் பதிலாக ஒரு பழைய ஃபிளானல் துணியை நடுவில் வைத்துவிட்டால் கனம் குறைந்துவிடும். கைக்குழந்தைக்குக் கீழே விரிக்கலாம், ஏ.சி. அறையில் காலில் போட்டுக்கொள்ளலாம். நான் தைத்ததில் பாதி சுவரில்தான் தொங்குகிறது.

சுவரில் தொங்கவிடுவது என் கண்டுபிடிப்பு இல்லை. ஜோனதன் ஹோல்ஸ்டைன், கெய்ல் வான் டெர் ஹூஃப் என்ற இருவர் 1971-லேயே தாங்கள் தேடித் தேடிச் சேர்த்த பழைய அமெரிக்க க்வில்ட்களை நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் ஓவியங்களைப்போல மாட்டினார்கள். கட்டிலில் கிடக்கும் வரைக்கும் அது போர்வை. நிமிர்த்தி மாட்டி பத்தடி தள்ளி நின்றால் நிறமும் கோடும் மட்டும் கண்ணில் படும்.

அப்படிப் பார்க்க எனக்குப் பாடம் சொல்லித்தந்தது ஜீஸ் பெண்ட். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆறு மூன்று பக்கமும் வளைத்துக்கொண்ட ஒரு சின்ன ஊர். பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்களின் சந்ததியினர் வாழ்கிற இடம். அங்கே பலருக்கும் பெட்வே என்ற குடும்பப் பெயர். அது தோட்டத்து எஜமானின் பெயர். அந்தக் காலத்தில் பலகை இடுக்கில் குளிர் நுழைகிற வீடுகள். போர்வை இல்லாமல் முடியாது. கடையில் துணி வாங்கக் காசு கிடையாது. கிழிந்த வேலை உடுப்பு, மாவு மூட்டை, எது கிடைத்ததோ அதுதான் துணி.

மிசூரி பெட்வே என்பவர் 1942-ல் தைத்த ஒன்று இருக்கிறது. கணவர் இறந்த பிறகு அவருடைய வேலைச் சட்டைகளையும் கால்சட்டைகளையும் பிரித்துத் தைத்தது. அவர் நினைவாக அதைப் போர்த்திக்கொள்வதற்காக. இந்த மாதிரி வேலை உடுப்புக் க்வில்ட்களை உற்றுப் பார்த்தால், வெளிறிய நீலத்துக்கு நடுவே அடர்நீலத்தில் ஒரு கட்டம் தெரியும். பிரித்தெடுத்த பாக்கெட் மூடியிருந்த இடம் அது. வெயில் படாததால் சாயம் அப்படியே நின்றுவிட்டது. எந்தக் கடையிலும் வாங்க முடியாத நிறம்.

அங்கே பெண்கள் அதிகம் தைத்த அமைப்புக்கு ‘ஹவுஸ்டாப்’ என்று பெயர். நடுவில் ஒரு சதுரம்; அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டைகள். கூரையை மேலிருந்து பார்ப்பதுபோல. அளவுகோல் கிடையாது. பட்டை ஒரு பக்கம் குறுகினால் அடுத்தது அகலமாகட்டும். 1972-ல் சியர்ஸ் கம்பெனிக்குத் தலையணை உறை தைக்கும் வேலை அந்த வட்டாரத்துக் கூட்டுறவுக்குக் கிடைத்தது. மிஞ்சிய கார்டுராய்த் துண்டுகள் வீட்டுக்கு வந்தன. அது தடித்த துணி, சின்ன வேலைப்பாட்டுக்கு மசியாது. ஆகவே துண்டுகள் பெரிதாயின. 2002-ல் ஹூஸ்டனிலும் பிறகு விட்னியிலும் இவையெல்லாம் காட்சிக்கு வந்தபோது விமர்சகர்கள் ஓவியர்கள் மத்தீஸையும் பால் க்ளேயையும் துணைக்கு அழைத்தார்கள். பாராட்டுதான், இருந்தாலும் எனக்குச் சற்று எரிச்சல். மத்தீஸைத் தெரியாமலேயே இது நன்றாகத்தான் இருந்தது.

இன்று ‘மாடர்ன்’ என்று பெயர் போட்டுத் தைக்கிறவர்கள் பலர் ஜீஸ் பெண்டிலிருந்து எடுத்துக்கொண்டதுதான் நிறைய. அலிஸா ஹெய்ட் கார்ல்டனும் லத்தீஃபா சாஃபிரும் 2009-ல் லாஸ் ஏஞ்சலஸில் மாடர்ன் க்வில்ட் கில்ட் என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். 2013-ல் டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டினில் அதன் முதல் பெரிய கண்காட்சி நடந்தது. பூப்போட்ட துணியைவிட ஒற்றை நிறத் துணி, நடுவில் வைக்காமல் ஓரமாகத் தள்ளிய உருவம், மீதியெல்லாம் சாம்பலோ வெள்ளையோ வெறுமனே விட்ட இடம். இதுதான் அவர்களுடைய பாணி.

“வெறுமனே விட்டா வேலை மிச்சம்தானே” என்றார் அக்கா.

நானும் அப்படித்தான் நினைத்தேன். கணக்கு வேறு மாதிரி.

இரண்டு துண்டை இணைக்க, ஓரத்திலிருந்து கால் இஞ்ச் தள்ளித் தைக்கிறோம். இரண்டரை இஞ்ச் சதுரம் வெட்டினால் தைத்து முடிந்ததும் இரண்டு இஞ்ச் தெரியும். சரி, கை கொஞ்சம் தவறி ஒவ்வொரு தையலும் அரை நூல் உள்ளே போய்விட்டது என்று வையுங்கள். நூல் என்றால் நம்மூர்த் தச்சரும் பிளம்பரும் சொல்கிற நூல், இஞ்சில் எட்டில் ஒன்று. ஒரு இணைப்பில் இரண்டு துண்டு இருப்பதால் போவது ஒரு நூல். ஒன்பது சதுரத்தை வரிசையாகத் தைத்தால் எட்டு இணைப்பு. எட்டு நூல். முழுசாக ஒரு இஞ்ச் காணாமல் போயிருக்கும்.

மொத்தமும் ஒரே மாதிரிச் சதுரங்களால் ஆன பழைய பாணியில் இது பெரிசில்லை. எல்லா வரிசையும் ஒரே அளவு சுருங்கும், போர்வை கொஞ்சம் சின்னதாகும், யாருக்கும் தெரியாது. மாடர்னில் அந்த வரிசைக்குப் பக்கத்தில் இணைப்பே இல்லாத ஒரு நீள வெள்ளைப் பட்டை வரும். அது பதினெட்டரை இஞ்ச். சதுர வரிசை பதினேழரை. இழுத்துப் பிடித்துத் தைத்தால் பட்டை பாவாடைச் சுருக்கம்போல எழும்பி நிற்கும். என் முதல் க்வில்ட்டில் அப்படி மூன்று சுருக்கம். வெற்றிடம்தான் எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும்.

ஆகவே புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்க வேண்டும். ஒன்றரை இஞ்ச் அகலத்தில் மூன்று பட்டை வெட்டி, வரிசையாக இணைத்து, இஸ்திரி போட்டு, நடுப்பட்டையை அளந்து பாருங்கள். சரியாக ஒரு இஞ்ச் இருக்க வேண்டும். குறைந்தால், ஊசியிலிருந்து கால் இஞ்ச் தள்ளி மெஷின் தட்டில் ஒட்டிய டேப்பை இன்னும் ஓர் இழை ஊசிப் பக்கம் நகர்த்துங்கள். துணி மடங்கிப் படிகிற இடத்தில் அந்த இழையளவு கனம் தின்றுவிடுகிறது. இஸ்திரிப் பெட்டியையும் தேய்த்து ஓட்டக்கூடாது. வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். தேய்த்தால் துணி இழுபடும்.

முக்கோணம் வந்தால் இன்னொரு சிக்கல். சதுரத்தைக் குறுக்கே வெட்டினால் அந்த ஓரம் கிராஸ். பிளவுஸ் தைக்கிறவர்களுக்கு கிராஸ் கட்டிங் எப்படி இழுபடும் என்று நான் சொல்லத் தேவையில்லை. உடம்புக்குப் படியத்தான் பிளவுஸில் கிராஸ். இங்கே அதே குணம் பகை. வழி எளிது: வெட்டுவதற்கு முன்பே தைத்துவிடுங்கள். இரண்டு நிறச் சதுரத்தை முகத்தோடு முகம் வைத்து, மூலைக்கு மூலை பென்சில் கோடு போட்டு, கோட்டுக்கு இருபுறமும் கால் இஞ்சில் இரண்டு தையல். பிறகு கோட்டிலேயே வெட்டு. பிரித்தால், பாதி ஒரு நிறம் பாதி இன்னொரு நிறமாக இரண்டு சதுரம். நாலு இஞ்ச் வேண்டுமென்றால் புத்தகங்கள் ஏழு நூல் கூட்டி வெட்டச் சொல்லும். நான் ஐந்து இஞ்சாக வெட்டிக்கொண்டு, தைத்த பிறகு நாலரைக்குச் சீர்செய்வேன். துணி கொஞ்சம் வீண், மனசு நிம்மதி.

நிறம் சேர்ப்பது மெஷினில் நடக்காது, தரையில் நடக்கும். துண்டுகளைப் பரப்பி, ஸ்டூல் மேல் ஏறி, செல்போனில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுங்கள். சிவப்பும் பச்சையும் நேரில் முட்டிக்கொண்டு நிற்கும். படத்தில் சில சமயம் இரண்டும் ஒரே சாம்பல். அப்படியானால் தள்ளி நின்று பார்க்கும்போது உருவம் கரைந்துவிடும், ஒன்றை மாற்ற வேண்டும்.

மூன்று அடுக்கையும் கையகலத்துக்கு ஒன்றாக ஊக்கு குத்திச் சேர்த்து, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தைத்துப் போக வேண்டும். சாதாரண மெஷினில் கீழே இருக்கும் பற்கள் அடித்துணியை மட்டும் நகர்த்தும், மேல்துணி பின்தங்கும். மேலேயும் பல் வைத்த ‘வாக்கிங் ஃபுட்’ ஒன்று விற்கிறது, வாங்கிவிடுங்கள். ஓரத்துக்கு இரண்டரை இஞ்ச் பட்டையை நீளவாட்டில் இரண்டாக மடித்துச் சுற்றித் தைத்தால் முடிந்தது.

சாயத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. முதல் க்வில்ட்டில் ஒரு சிவப்புத் துண்டு, முதல் சலவையிலேயே பக்கத்து வெள்ளையை ரோஜா நிறமாக்கியது. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் நிற்கும் என்று எல்லோரும் சொன்னார்கள், ஊறவைத்தும் இருந்தேன். உப்புக்கு வேலை சாயம் ஏற்றும் தொட்டியில்தான். வீட்டு பக்கெட்டில் அது ஒன்றும் செய்யாது. தண்ணீர் தெளிவாக வரும்வரை தனியாக அலசுங்கள், வராவிட்டால் அந்தத் துணி வேண்டாம்.

அக்கா டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார். மறுநாள் காலை ஒரு மஞ்சப்பையோடு வந்தார். உள்ளே மூன்று பழைய கட்டம்போட்ட லுங்கி.

“இது ஆகுமா?”

விரித்துப் பிடித்தேன். அச்சடித்த கட்டம் இல்லை, நெய்த கட்டம். இரண்டு பக்கமும் ஒரே முகம். இழையோடு ஓடும் கோடு. ஸ்கேல்கூட வேண்டாம், கோட்டைப் பிடித்துக்கொண்டே வெட்டலாம். உட்காரும் இடம் மட்டும் நைந்திருந்தது. அதைத் தள்ளிவிட்டு மீதியை எண்ணினோம். நாற்பது சதுரம் தேறும் போலிருந்தது.