கொள்ளைநோயின் நடுவே ஆராய்ச்சி

மருந்தொன்றின் பயனை அறிதற்குக் காலமும் பொறுமையும் வேண்டும். கொள்ளைநோய் பரவுங் காலத்திலோ இவ்விரண்டும் கிடைத்தல் அரிது. "மருந்து கைவசம் உண்டெனின் எல்லோருக்கும் உடனே கொடுத்தல் வேண்டும், ஒரு சாராருக்குக் கொடுத்து மறுசாராரைப் பார்த்திருத்தல் முறையாகுமா?" என மக்கள் கேட்பர். கேள்வி நியாயமானதே. அதற்கு விடை காணப் பம்பாய் நகரின் வரலாறொன்று உதவும்.

1896ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திற் பம்பாயிற் பிளேக் நோய் தோன்றியது. அந்நோய்க் கிருமி 1894இல் ஹொங்கொங்கிற் கண்டறியப்பட்டிருந்தது. ஆயினும் அதனைத் தடுக்க மருந்தில்லை. மக்கள் நகரைவிட்டு ஓடினர். ஒடெசா நகரிற் பிறந்து, பாரிசிலுள்ள பாஸ்டர் நிலையத்திற் பணியாற்றி, வாந்திபேதிக்குத் தடுப்புமருந்து ஆக்கியவரான வல்டெமர் ஹாப்கின் அப்போது இந்தியாவில் இருந்தார். அவர் பம்பாய்க்கு வந்து, கிராண்ட் வைத்தியக் கல்லூரியில் ஒரு சிறு ஆய்வுசாலையை அமைத்தார். இறைச்சிச் சாற்றிற் கிருமிகளை வளர்த்து, வெப்பத்தினாற் கொன்று, தடுப்புமருந்து செய்தார். இறந்த கிருமி நோயை விளைக்காது. எனினும் உடல் அதனைப் பகையெனக் கண்டு எதிர்ப்பாற்றலைத் திரட்டிக்கொள்ளும். 1897 சனவரி 10ஆம் நாள் அம்மருந்தை முதலில் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். காய்ச்சலும் வலியும் உண்டாகிப் பின் தணிந்தன.

இச்சோதனை மருந்தினாற் பெருங்கேடில்லை என்பதைக் காட்டிற்றேயன்றி, நோயைத் தடுக்கும் என்பதைக் காட்டவில்லை. ஊசி ஏற்றிய ஒருவர் நோயுறாதிருப்பின், காத்தது மருந்தா, நோய் அவரை அணுகாமையா என்று எவ்வாறு அறிவது? ஒரே நிலையில் வாழும் இரு சாராரை ஒப்புநோக்கியே அறிதல் வேண்டும். அம்மாத இறுதியிற் பைகலா மறியற்சாலையில் நோய் புகுந்தபோது கைதிகளில் ஏறக்குறைய அரைவாசிப்பேர் ஊசி ஏற்ற முன்வந்தனர். அவரிடையே நோய் அரிதாயிற்று, ஏற்றாதோரிடையே மிகுந்தது. ஆயினும் இரு குறைகள் எஞ்சின. முன்வந்தோர் இயல்பிலேயே உடல்வலி மிக்கவராக இருந்திருக்கலாம். அன்றியும், சிறைப்பட்டோர் தரும் சம்மதம் முழுச்சம்மதம் ஆகுமா?

1898இற் பரோடா சமஸ்தானத்து உந்தேராக் கிராமத்தில் முறை திருத்தமுற்றது. ஒவ்வொரு குடும்பத்திலும் ஏறத்தாழப் பாதிப்பேருக்கே ஊசி ஏற்றப்பட்டது. பின்னர் நோய் புகுந்த 28 குடும்பங்களில், ஊசி ஏற்றிய 71 பேரில் 8 பேர் நோயுற்று 3 பேர் மாண்டனர். ஏற்றாத 64 பேரில் 27 பேர் நோயுற்று 26 பேர் மாண்டனர். மருந்தின் வலிமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆனால் அந்த 26 பேரும் எண்கள் அல்லர், அவ்வீடுகளின் மக்கள். முன்னைய சோதனைகள் நம்பிக்கையைத் தந்திருந்தன; நிச்சயத்தைத் தரவில்லை. அந்நிச்சயத்தின் விலை இதுவாகும்.

நிச்சயம் கிடைத்த பின்னும் கவனம் தளரலாகாது. 1902இற் பஞ்சாபின் மல்கோவால் கிராமத்தில், ஒரே போத்தலிலிருந்து ஊசி ஏற்றப்பட்ட 19 பேர் ஏற்புவலி கண்டு இறந்தனர். பழி ஹாப்கின்மீது விழுந்தது, அவர் பதவியிழந்தார். குற்றம் ஆய்வுசாலையில் அன்று, போத்தலைத் திறந்த இடத்திலேயே நிகழ்ந்திருக்கக்கூடும் என அறிஞர் பலர் எடுத்துக்காட்டினர். 1907இலேயே அவர்மீதிருந்த பழி நீங்கிற்று. பம்பாய் நிலையம் 1925இல் அவர் பெயரைப் பெற்றது.

2020இற் கொரோனாப் பெருந்தொற்றின்போது பிரித்தானிய வைத்தியசாலைகளில் நோயாளர் தம் சம்மதத்துடன் குலுக்கல்முறையிற் பிரிக்கப்பட்டு மருந்துகள் சோதிக்கப்பட்டன. பலரும் நம்பிய ஐதரொட்சிக்குளோரோக்குயின் பயனற்றது எனத் தெரிந்தது. மலிவான டெக்சாமெதசோனோ, செயற்கைச் சுவாசக் கருவியின் துணையில் இருந்தோரிடையே மரணத்தை ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறைத்தது. இரண்டும் சில மாதங்களிலேயே தெரியவந்தன. ஒப்புநோக்காது எல்லோருக்கும் எல்லாம் கொடுத்திருப்பின், காப்பது எது, காவாதது எது என்பது எளிதிற் புலனாகியிராது.

எனவே கொள்ளைநோய்க் காலத்தில் ஆராய்ச்சி இரக்கமின்மை அன்று. சம்மதம் பெற்று, நேர்மையாக ஒப்புநோக்கி, பயன் தெளிந்தவுடன் மருந்தை எல்லோருக்கும் வழங்குவதாயின், அது இரக்கத்தின் வழியே ஆகும்.