சாச்சாவின் கரண்ட் பில்

2023ஆம் ஆண்டு நோன்பின் கடைசிப் பத்தில் ஒரு நாள், ளுஹர் தொழுதுவிட்டுக் கடைக்கு வந்து உட்கார்ந்த நேரம் சாச்சி கோல் எடுத்தார். "மகன், காப்பு ரெண்டையும் ஈடு வைக்கணும், நீங்க ஒருக்கா வாங்க" என்றார். பெருநாளைக்குச் சில நாட்கள்தான் இருந்தன. பேரப் பிள்ளைகளுக்கு உடுப்பு எடுக்கத்தானாக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். சாச்சி என் கையில் கொடுத்தது மின்பட்டியலை. 21,155 ரூபா. வரி வேறு.

அந்த வீட்டில் இருப்பவர்கள் இரண்டே பேர். சாச்சாவுக்கு வயது 78. தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சாச்சிக்கு 72. ஓய்வூதியம்தான் வருமானம். ஒரு பிரிட்ஜ், இரண்டு காற்றாடி, நாலைந்து பல்ப், தண்ணீர் மோட்டார். எந்த மாதமும் 60 அலகைத் தாண்டாத வீடு. வாழ்நாளில் வட்டிக்கு ஒரு சதம் வாங்காத மனிதர் கரண்ட் பில்லுக்காக அடகுக் கடைக்குப் போவதா என்று எனக்கு மனம் கேட்கவில்லை. "ஒரு நாள் பொறுங்க சாச்சா, நான் பார்க்கிறேன்" என்றேன்.

வியாபாரி பில்லைக் கண்டால் முதலில் கூட்டுத்தொகையைப் பார்க்க மாட்டான். சரக்கின் அளவைத்தான் பார்ப்பான். முந்திய வாசிப்பு 24,316. இந்த வாசிப்பு 24,641. முப்பது நாளுக்கு 325 அலகு. பில் போட்டு ஒன்பது நாள் ஆகியிருந்தது. வாசலில் இருந்த மீட்டரைப் போய்ப் பார்த்தேன். 24,504!

மீட்டர் பின்னுக்கு ஓடாது. ஒன்பது நாளுக்கு முன் 24,641 ஆக இருந்தது, இன்று 24,504 ஆக இருக்க வழியில்லை. 24,461 என்பதில் நாலும் ஆறும் இடம் மாறி விழுந்திருக்க வேண்டும். கடைக் கொப்பியில் நானே எத்தனையோ தரம் இப்படி எழுதி இரவில் கணக்குச் சரிவராமல் முழித்திருக்கிறேன். உடனே கைத்தொலைபேசியில் மீட்டரைப் படம் எடுத்தேன். திகதி தெரிய அன்றைய பத்திரிகையையும் பக்கத்தில் பிடிக்கச் சொன்னார் சாச்சா. தபால்காரரின் புத்தி!

அடுத்த நாள் இருவரும் காரியாலயம் போனோம். "முதலில் காசைக் கட்டுங்கள், பிறகு பார்ப்போம்" என்றார் முன்மேசையில் இருந்தவர். அதைவிடப் பெரிய சிக்கல், பில் யாருடைய பெயரில் என்பது. நம் பகுதியில் வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போகும். கரண்ட் கணக்கு மட்டும் தகப்பன் பெயரிலேயே கிடக்கும். சாச்சியின் வாப்பா மௌத்தாகி எத்தனையோ வருடம். கணக்கு இன்னும் அவர் பெயரில். "அவரைக் கூட்டி வாருங்கள்" என்றார் அந்தத் தம்பி. சாச்சா கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "அவர் வரமாட்டார் தம்பி, நாங்கதான் போகணும்" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் உள்ளே இருந்த மேலதிகாரி எங்களைக் கூப்பிட்டார்.

சாச்சா 1994 முதல் வந்த ஒரு பில்லையும் வீசவில்லை. டிரங்குப் பெட்டியில் வருட வாரியாகக் கட்டி வைத்திருந்ததில் கடைசி இரண்டு வருடத்துக் கட்டைக் கொண்டு போயிருந்தோம். எழுத்தில் ஒரு முறைப்பாடு, படம், பழைய பில்கள். மூன்றையும் கொடுத்து, எங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொண்டோம். கரண்டை வெட்டிவிடாமல் இருக்க 5,000 ரூபா கட்டிப் பற்றுச்சீட்டும் எடுத்தோம். பெருநாள் கழிந்து ஆள் வந்து மீட்டரைப் பார்த்தார். அடுத்த பில்லில் வித்தியாசத்தைக் கழித்துத் தந்தார்கள். காப்பு சாச்சியின் கையிலேயே இருந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் கதையின் மறுபாதி எங்கள் பிழை. திருத்திய கணக்கிலும் 145 அலகு வந்ததே! 58 எரிய வேண்டிய வீட்டில் 145 ஏன்? மெயின் சுவிட்சை அணைத்தேன், மீட்டரின் சில்லு நின்றது. ஆக, மீட்டரில் பிழையில்லை. பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். கள்ளன் பிரிட்ஜுக்குள் இருந்தான். ஒன்றரை மணித்தியாலம் காவல் இருந்தோம். மோட்டார் ஒருதரமும் நிற்கவில்லை. கதவு றப்பர் வெடித்துப் போயிருந்தது. கதவிடுக்கில் ஒரு கடதாசியை வைத்து மூடி இழுத்தால் இறுக்கமாக வர வேண்டும். இங்கே தானாக விழுந்தது. 160 வாட் பெட்டி 24 மணித்தியாலமும் ஓடினால் நாளைக்கு 3.8 அலகு, மாதத்துக்கு 115. நோன்பு காலத்தில் சர்பத்துக்கும் ஐசுக்கும் திறந்து மூடுவது வேறு.

இங்கேதான் கட்டண முறையின் கூத்தைச் சொல்ல வேண்டும். நம் கடையில் மூட்டையாக எடுத்தால் விலை குறையும். கரண்டில் கூட எடுத்தால் விலை ஏறும். 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் கூட்டினார்கள். எரிபொருள் விலை, ரூபாவின் வீழ்ச்சி, செலவுக்கேற்ற விலை வேண்டும் என்ற சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனை எல்லாம் காரணம். அந்த இரண்டாவது உயர்வை எதிர்த்த பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் தலைவர் ஜானக ரத்நாயக்கவை 2023 மே மாதம் பாராளுமன்றமே வாக்கெடுத்து நீக்கியது. 2022 ஓகஸ்ட் கட்டணப்படி 60 அலகுக்கு 780 ரூபா. 2023 பெப்ரவரிக்குப் பின் அதே 60 அலகுக்கு 2,560. ஏழைகளின் படியில்தான் ஏற்றம் அதிகம். 180க்கு மேல் எரிப்பவரின் 75 ரூபா அலகு விலை அந்த முறை கூடவேயில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தக் கட்டணத்தில் 60 அலகுக்கு 2,560 ரூபா என்றால் 61 அலகுக்கு 3,212. ஒரே ஒரு அலகுக்கு 652 ரூபா! 60ஐத் தாண்டியதும் முதல் அலகிலிருந்தே 42 ரூபா விழும். நிலையான கட்டணமும் 550இலிருந்து 650 ஆகும். அதனால் பில்லில் நாட்களின் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். இந்தப் படிகள் முப்பது நாளுக்கானவை. மீட்டர் பார்க்க ஆள் பிந்தி வந்தால் படிகளும் அதற்கேற்ப நீள வேண்டும். நீளாவிட்டால் கேட்கலாம். காரியாலயத்தில் தீராவிட்டால் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். 2023 ஜூலைக்குப் பின் கட்டணம் பல தடவை குறைந்தும் கூடியும் விட்டதால், நான் சொன்ன ரூபாக் கணக்கை இன்றைய பில்லுக்குப் போட்டுப் பார்க்க வேண்டாம். பார்க்கும் முறை மட்டும் மாறவில்லை.

றப்பர் மாற்றினோம். கணக்கைச் சாச்சியின் பெயருக்கு மாற்ற விண்ணப்பமும் கொடுத்தோம். ஜூன் மாதப் பில் வந்ததும் சாச்சி மறுபடி கோல் எடுத்தார். 61 அலகு.

"மகன், அந்த ஒரு யுனிட்ட ஆரு எரிச்ச?" என்று கேட்டார். பின்னால் சாச்சா, "நான் இல்ல" என்று சொல்வது எனக்குக் கேட்டது.