தாயிடம் கேட்கப்படும் கேள்வி

ஜேர்மனியில் கருவுற்ற பெண் வைத்தியரிடம் முதன்முறை செல்லும்போது கேள்விகள் பல கேட்கப்படுகின்றன. குடும்பத்தில் எவருக்கேனும் பிறவிக் குறை உண்டா? கணவனும் மனைவியும் இரத்த உறவினரா? என்ன மருந்து உட்கொண்டீர்கள்? மொழி அறியாத நம் தாய்மாருள் சிலர் அனைத்திற்கும் 'இல்லை' எனத் தலையசைத்து வந்துவிடுகின்றனர். இக்கேள்விகள் வெறும் சடங்கல்ல என்பதை இந்நாட்டின் வரலாறே கூறும்.

1957 ஒக்ரோபர் 1ஆம் திகதி, குருனென்தால் என்னும் ஜேர்மன் நிறுவனம் 'கொன்ரர்கான்' என்ற உறக்கக் குளிசையை விற்பனைக்கு விட்டது. அதிலிருந்த மருந்து தலிடோமைட். தீங்கற்றது என விளம்பரப்படுத்தப்பட்ட அதனை வைத்தியரின் சீட்டின்றியே வாங்க முடிந்தது. உறக்கமின்மைக்கும் காலைக் குமட்டலுக்கும் கருவுற்ற பெண்களும் அதை உட்கொண்டனர்.

அதன்பின் வந்த ஆண்டுகளில், மிக அபூர்வமான ஒரு பிறவிக் குறையுடன் குழந்தைகள் அடுத்தடுத்துப் பிறந்தன. கையின் நீண்ட எலும்புகள் வளராமல், விரல்கள் தோளை ஒட்டியே அமைந்திருந்தன. பரம்பரையே காரணம் என்றனர் சிலர். அணுகுண்டுப் பரிசோதனைகளின் கதிர்வீச்சு என ஐயுற்றனர் வேறு சிலர்.

ஹம்பேர்க் நகரின் குழந்தை மருத்துவர் விடுகின்ட் லென்ஸ், இக்குழந்தைகளின் தாய்மாரை நேரிற் கண்டு விசாரித்தார். முதலில் கொடுக்கப்பட்ட வினாப்படிவத்தில் ஒரு சிலரே கொன்ரர்கானைக் குறிப்பிட்டிருந்தனர். பெயரைச் சொல்லி மீண்டும் கேட்டபோதோ, பலர் அதை உட்கொண்டதாகக் கூறினர். எழுதும் அளவுக்கு அது பெரிய மருந்தென அவர்கள் கருதியிருக்கவில்லை! 1961 நவம்பர் 15ஆம் திகதி லென்ஸ் நிறுவனத்தைத் தொலைபேசியில் எச்சரித்தார். செய்தி பத்திரிகையில் வெளியானதும், நவம்பர் 27ஆம் திகதி மருந்து மீளப் பெறப்பட்டது. அதற்குள் ஜேர்மனியில் மட்டும் ஏறத்தாழ 5,000 குழந்தைகள் பாதிக்கப்பட்டிருந்தனர்.

கருத்தரித்த 20ஆம் நாளுக்கும் 36ஆம் நாளுக்கும் இடைப்பட்ட காலமே ஆபத்தானது எனப் பின்னர் தெரியவந்தது. தான் கருவுற்றிருப்பதைப் பெண்ணே அறியாதிருக்கக்கூடிய நாட்கள் அவை.

வளராத எலும்பை வளர்க்க மருந்தில்லை. அறுவைச் சிகிச்சையும், உடற்பயிற்சியும், செயற்கைக் கைகளுமே வழங்கப்பட்டன. பாரமான செயற்கைக் கைகளைக் கழற்றி வைத்துவிட்டு, கால் விரல்களால் எழுதவும் உண்ணவும் பழகிய பிள்ளைகள் பலர். இம்மருந்தால் பாதிக்கப்பட்டு 1959 இல் பிறந்த தோமஸ் குவாஸ்தொஃப், உலகறிந்த பாடகராக உயர்ந்தார்.

இன்று கருவுற்ற காலத்தில் மூன்று தடவை ஸ்கான் பரிசோதனை செய்யப்படுகிறது. பிறந்த பின்னரும் குறித்த வயதுகளில் குழந்தை பரிசோதிக்கப்படுகிறது. கருவுற்ற காலத்திலும் பிரசவத்தின்போதும் மருத்துவ உதவி பெறும் உரிமை அகதி விண்ணப்பதாரருக்கும் சட்டப்படி உண்டு. ஆயினும் தாய் சொல்லாததை எந்தக் கருவியும் காட்டாது. ஊரிலிருந்து வந்த குளிசை, கைமருந்து, மச்சாளை மணந்த உறவு ஆகிய அனைத்தையும் கூறுதல் வேண்டும். கணவருக்கு முன் கூறத் தயங்கினால், வேறொரு மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.

குறையுடன் பிள்ளை பிறந்தால், கிரகணத்தில் வெளியே சென்றாய் எனத் தாயைப் பழிப்போர் நம்மிடையே இன்றும் உளர். பழிக்கு அஞ்சும் தாய் பிள்ளையை வீட்டினுள் மறைப்பாள். சிகிச்சைக்குரிய காலம் கழிந்துவிடும். அவளை வைத்தியரிடம் அழைத்துச் செல்வதே உறவினர் செய்யவேண்டிய உதவி.